சில்லுச் சப்பாத்தில் ஒரு கோடைகாலம்

வட அமெரிக்காவின் தொழில்முறை விளையாட்டு வரலாற்றை வாசிக்கும்போது டெனிஸ் மேர்பி என்ற பெயர் திரும்பத் திரும்பக் குறுக்கிடுகிறது. அவர் புகழ்பெற்ற வீரர் அல்ல. பெரும் செல்வந்தரும் அல்ல. ஆனால், புதிய லீக்குகளைத் தொடங்குவதே தனது வாழ்க்கைப் பணி என்று கருதிய விசித்திரமான மனிதர். 1967 இல் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டச் சங்கம், 1972 இல் உலக ஹொக்கிச் சங்கம், 1974 இல் உலக அணி டெனிஸ் என்று அவர் கூட்டாளிகளுடன் சேர்ந்து உருவாக்கிய அமைப்புகளின் பட்டியல் நீளமானது. அந்தப் பட்டியலின் கடைசிப் பகுதியில் வருவதும், இன்று அநேகமாக மறக்கப்பட்டுவிட்டதுமான ஒரு முயற்சியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். சர்வதேச ரோலர் ஹொக்கி என்ற பெயரில் 1993 கோடைகாலத்தில் ஆரம்பிக்கப்பட்ட லீக் அது. அலெக்ஸ் பெலெஹூமரும் லாரி கிங்கும் மேர்பியுடன் இணைந்துகொண்டார்கள்.

அந்த யோசனைக்குப் பின்னால் இருந்த கணக்கு மிகவும் எளிமையானது. குளிர்கால ஐஸ் ஹொக்கி முடிந்த பிறகு பெரிய உள்ளக அரங்குகள் பல கோடையில் வெறுமையாகக் கிடக்கின்றன. சிறிய லீக்குகளில் ஆடும் நூற்றுக்கணக்கான ஹொக்கி வீரர்கள் அதே மாதங்களில் வருமானமின்றி இருக்கிறார்கள். மறுபுறத்தில், ஒரே வரிசையில் சில்லுகள் பொருத்தப்பட்ட சறுக்குச் சப்பாத்து அமெரிக்காவின் வீதிகளெங்கும் பரவிக்கொண்டிருந்தது. 1988 ஆகஸ்டில் வெய்ன் கிரெட்ஸ்கி எட்மன்டனில் இருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டதன் பின்னர், பனியையே காணாத கலிபோர்னியாவின் பிள்ளைகளும் வாகனத் தரிப்பிடங்களில் ஹொக்கி ஆடத் தொடங்கியிருந்தார்கள். அரங்கு இருக்கிறது, வீரர் இருக்கிறார், இரசிகரும் இருக்கிறார். மூன்றையும் ஒன்றுசேர்ப்பதுதான் மிச்சம் என்று மேர்பி நினைத்ததில் வியப்பில்லை.

ஐஸ் ஹொக்கியில் ஒவ்வோர் அணியிலும் கோல் காப்பாளரைத் தவிர ஐவர் களத்தில் நிற்பர். இங்கு நால்வர். தலா 20 நிமிடங்களைக் கொண்ட மூன்று பகுதிகளுக்குப் பதிலாக, தலா 12 நிமிடங்களைக் கொண்ட நான்கு கால்பகுதிகள். களத்தைப் பிரிக்கும் நீலக்கோடுகள் அகற்றப்பட்டன. பனிக்கட்டிக்குப் பதிலாக ஒன்றோடொன்று கொழுவப்பட்ட பிளாஸ்டிக் தளம் விரிக்கப்பட்டது. வீரர்களின் எண்ணிக்கை குறைந்து இடைவெளி கூடியதால் ஆட்டம் திறந்துகொண்டது. கோல்கள் மழையாகப் பொழிந்தன. முதற்தடவையாக ஹொக்கியைப் பார்க்க வருகின்ற குடும்பத்துக்கு அது பெரிய கவர்ச்சி.

முதலாவது பருவத்தில் 12 அணிகள் பங்கேற்றன. வன்கூவர், கல்கரி, ரொறன்ரோ ஆகிய மூன்றும் கனடாவைச் சேர்ந்தவை. வன்கூவர் அணியின் பயிற்றுநராக வந்தவர் 'டைகர்' வில்லியம்ஸ். தேசிய ஹொக்கி லீக்கின் வரலாற்றில் மிகவும் கூடுதலான நிமிடங்களைத் தண்டனை இருக்கையில் கழித்த வீரர் என்ற 'பெருமை' அவருக்கு உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸ் அணி ஜீனி பஸ்ஸின் பொறுப்பில் இருந்தது. பிற்காலத்தில் லேக்கர்ஸ் கூடைப்பந்தாட்ட அணியின் தலைமைக்கு வந்த அதே பெண்மணிதான். அனஹெய்ம் நகரில் புதிதாகத் திறக்கப்பட்ட அரங்கில் டிஸ்னி நிறுவனத்தின் மைட்டி டக்ஸ் அணி தனது முதலாவது போட்டியை ஆடியது அந்த வருடம் ஒக்டோபரில். அதற்கு முன்னரே கோடையில் அங்கு ஹொக்கியைக் கொண்டுவந்துவிட்டது புல்ஃப்ரொக்ஸ் என்ற ரோலர் அணி. பருவப் போட்டிகள் பதினான்கில் ஒன்றிலேனும் வழமையான நேரத்தில் தோற்காமல் முன்னேறிய புல்ஃப்ரொக்ஸ், இறுதியில் ஒக்லண்ட் அணியை வென்று, ஸ்தாபகரின் பெயரிலேயே வழங்கப்பட்ட மேர்பி கிண்ணத்தைச் சுவீகரித்தது.

என்னை மிகவும் சிந்திக்கவைத்தது வீரர்களுக்கான கொடுப்பனவு முறைதான். உத்தரவாதமான ஒப்பந்தம் எவருக்கும் கிடையாது. அணிகளின் பெறுபேற்றுக்கு ஏற்ற பரிசுப் பணத்தில் ஆளுக்கொரு பங்கு. வென்றால் கூடுதலாகக் கிடைக்கும், தோற்றால் குறையும். நட்சத்திரங்களின் சம்பளப் போட்டியில் அணிகள் வங்குரோத்தாவதைத் தனது முன்னைய லீக்குகளில் கண்ணாரக் கண்ட மேர்பி, அந்த ஆபத்தை ஆரம்பத்திலேயே தவிர்க்க விரும்பியிருக்கலாம். ஆனால், உரிமையாளரின் தோளிலிருந்து இறக்கப்பட்ட அந்த ஆபத்து காற்றில் கரைந்துவிடவில்லை. அது விளையாடுகிறவனின் தோளில் ஏறிக்கொண்டது. கோடையில் முழங்கால் முறிந்தால் குளிர்காலப் பிழைப்பும் போய்விடும் என்பதை அறிந்துகொண்டே அவர்கள் களமிறங்கினார்கள்.

அவ்வாறு இறங்கியவர்களில் கிளென் மெட்ரோபொலிட் ஒருவர். ரொறன்ரோவில் வாழும் எம்மவர்களுக்கு நன்கு பரிச்சயமான றீஜென்ட் பார்க் என்ற வறிய குடியிருப்புப் பகுதியில் வளர்ந்தவர். தேசிய ஹொக்கி லீக்கின் அணி எதுவும் அவரைத் தெரிவுசெய்திருக்கவில்லை. குளிர்காலத்தில் சிறிய லீக்குகள், கோடையில் சில்லுச் சப்பாத்து என்று காலத்தை ஓட்டிய அவர், இறுதியில் 1999 இல் தேசிய லீக்கில் கால்பதித்து 400 க்கும் அதிகமான போட்டிகளில் ஆடினார். மனோன் ரேயோமின் கதையும் நினைவுகூரத்தக்கது. 1992 இல் தேசிய லீக் அணியொன்றின் பயிற்சிப் போட்டியில் கோல் காத்த முதற்பெண் என்று பெயரெடுத்த அவர், நியூஜேர்சியின் ரோலர் அணிக்காகவும் களமிறங்கினார். பெரிய வாசல்கள் மூடியிருந்தபோது இந்தச் சிறிய வாசல் திறந்திருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

முதற் பருவத்தின் வெற்றியே அந்த லீக்குக்கு வினையாகிப் போனது. 12 ஆக இருந்த அணிகளின் தொகை அடுத்த வருடமே, அதாவது 1994 இல், 24 ஆக்கப்பட்டது. புதிய உரிமையாளர்களிடமிருந்து கிடைக்கும் நுழைவுக் கட்டணம் எந்தவொரு லீக்கின் நிருவாகத்தையும் மயக்கக்கூடியதுதான். ஆனால், இரண்டு மடங்கு அணிகளைத் தாங்குவதற்கு இரண்டு மடங்கு இரசிகர்கள் ஓராண்டில் பிறந்துவிடுவதில்லை. அந்த வருடம் கிண்ணத்தை வென்றது பஃபலோ. தொடர்ந்து 1995 இல் சான் ஹோசே, 1996 இல் ஒர்லாண்டோ, 1997 இல் மீண்டும் அனஹெய்ம். கிண்ணம் கைமாறிக்கொண்டிருக்க, அணிகளோ ஊர்விட்டு ஊர் பெயர்ந்தன; பெயர்ந்த ஊரிலும் நிலைக்காமல் மறைந்தன. 1998 இல் போட்டிகளே நடைபெறவில்லை. 1999 இல் மீண்டும் எழுந்து ஒரு பருவத்தை ஒப்பேற்றி, சென். லூயிஸ் அணியிடம் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு நிரந்தரமாக ஓய்ந்தது.

மேர்பியின் முன்னைய லீக்குகளுக்கு வேறு விதமான முடிவு வாய்த்தது. கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் நான்கு அணிகளை 1976 இல் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கமும், ஹொக்கிச் சங்கத்தின் நான்கு அணிகளை 1979 இல் தேசிய ஹொக்கி லீக்கும் உள்வாங்கின. அவை அழிந்தாலும் அவற்றின் ஒரு பகுதி பெரிய உடலுக்குள் உயிர்வாழ்ந்தது. ரோலர் ஹொக்கியை விழுங்குவதற்குப் பெரிய மீன் ஒன்றும் இருக்கவில்லை. போட்டிக்கு ஆளில்லாமல் இருப்பது அனுகூலம் என்றே பலரும் எண்ணுவர். ஆனால், பகைவன் இல்லாத ஒருவனுக்குச் சமரசம் செய்துகொள்வதற்கும் ஆள் கிடைப்பதில்லை.

பத்திரிகைத் துறையில் மூன்று தசாப்தங்களுக்கும் கூடுதலான காலத்தைக் கழித்தவன் என்ற வகையில் இந்தக் கதை எனக்கு அந்நியமானதாகத் தெரியவில்லை. பத்திரிகைகள் ஆரவாரத்துடன் தொடங்கப்படுவதையும், முதலாவது வருடம் விற்றுவிட்டது என்ற உற்சாகத்தில் வார இதழ், மாலைப் பதிப்பு, பெண்களுக்கான இணைப்பு என்று ஓடி ஓடி விரிவதையும், பின்னர் அச்சுக்கூலி கொடுக்க முடியாமல் ஒவ்வொன்றாக மடிவதையும் கண்டிருக்கிறேன். தொடக்க விழாவுக்கு அமைச்சர் வருவார், படப்பிடிப்பாளர்கள் வருவார்கள். கடைசி இதழ் அச்சாகும் இரவில் இருப்பவர்கள் ஒப்புநோக்குநரும் இயந்திரப் பகுதி ஊழியர்களும் மாத்திரமே. முதலீட்டாளர் நட்டத்தை வேறொரு கணக்கில் எழுதிக்கொள்வார். ஊழியருக்கு வேறு கணக்கு ஏது?

டெனிஸ் மேர்பி 2021 இல் தனது 94 ஆவது வயதில் காலமானார். விளையாட்டுத்துறையின் பெரும் கனவுகாரர் என்று அவரைப் போற்றுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால், அந்தக் கனவுக்கு ஒரு பங்குப் பணத்தை மாத்திரம் நம்பி வியர்வையும் எலும்பும் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத பல நூறு இளைஞர்கள். ஒரு லீக்கின் வரலாற்றை எழுத முனைபவர்கள் வெற்றிக்கிண்ணங்களின் பட்டியலுடன் நிறுத்திக்கொள்ளாமல், அவர்கள் கோடை முடிவில் வீட்டுக்கு எதைக் கொண்டுபோனார்கள் என்றும் கேட்கவேண்டும்.