மேதாவியும் பத்து எடுபிடிகளும்

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில், மவுன்டன் வியூ என்று ஓர் ஊர். வருகிறவர்கள் மலையைப் பார்ப்பார்களோ என்னவோ, நான் போனது ஷோர்லைன் பூலவார்டில் இருக்கும் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துக்கு. உள்ளே பழைய இரும்பு பீரோக்கள் மாதிரி வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அதில் ஒன்றின் முன்னால் என் கால் நகர மறுத்துவிட்டது.

சிடிசி 6600. சீமோர் க்ரே வடிவமைத்து 1964-ல் வெளிவந்தது. அன்றைக்கு உலகத்திலேயே வேகமான கம்ப்யூட்டர். இதைச் செய்த கூட்டம், கூட்டிப் பெருக்குகிறவரையும் சேர்த்து, வெறும் 34 பேர்தானாமே என்று ஐபிஎம் தலைவர் வாட்சன் 1963-ல் மெமோ போட்டுப் புலம்பியிருக்கிறார்!

வேகத்தின் ரகசியங்களில் ஒன்றைக் கேளுங்கள். இந்த மேதாவிக்குக் கார்டு படிக்கத் தெரியாது, பிரிண்ட் அடிக்கத் தெரியாது. அதற்கான கட்டளையே அதனிடம் கிடையாது. கணக்குப் போடும், அவ்வளவுதான்.

ஏன் அப்படி? செகண்டுக்குச் சுமார் 30 லட்சம் கட்டளைகளை முடிக்கிற ஆசாமி அது. கார்டு ரீடரோ நிமிஷத்துக்கு 1200 கார்டு படித்தாலே பெரிய விஷயம். ஒரு கார்டு உள்ளே போவதற்குள் ஒன்றரை லட்சம் கட்டளை நேரம் போச்சு! ஜெனரல் மேனேஜரை ஜெராக்ஸ் கடை க்யூவில் நிற்க வைத்த கதைதான்.

அதனால் வெளிவேலைக்கென்று 10 குட்டி பிராசசர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மெமரி. ஆனால் கூட்டிக் கழிக்கிற சர்க்யூட் மட்டும் பத்துக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று! ஆளுக்கு 100 நானோ செகண்ட் என்று முறை வைத்து வேலை பார்க்கும். பத்து குமாஸ்தாக்களுக்கு ஒரே கால்குலேட்டர் கொடுக்கிற நம்ம ஆபீஸ் புத்தி அங்கேயும் இருந்திருக்கிறது.

இன்று உங்கள் சட்டைப் பையில் உள்ள செல்போனிலும் இதே ஏற்பாடுதான். டேட்டாவைத் தூக்கிச் சுமக்கத் தனி சர்க்யூட்கள், யோசிக்கத் தனி பிராசசர்.

சிடிசியில் இன்னொரு வேடிக்கை. மேதாவி அடுத்து எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்து, பாதியில் நிறுத்தி மாற்றி விடுவதும் ஒரு எடுபிடிதான்!

ஆகவே மகாஜனங்களே, ‘இந்த ஆபீஸே என் மூளையில்தான் ஓடுது’ என்று மேனேஜர் மார்தட்டினால் மறுத்துப் பேசாதீர்கள். பவ்யமாக ஃபைலை நீட்டுங்கள். எந்த ஃபைலை என்பது உங்கள் இஷ்டம்!