அடுத்து எதை அழுத்தணும்?



இந்த மாத சுவர்ப் பத்திரிகைக்கு ‘நான் விளையாடிய புது விளையாட்டு’ என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேற விஷயத்துல போய் முடிஞ்சிடுச்சு. அதை அடிச்சிட்டு சும்மா விளையாட்டை மட்டும் எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசிச்சேன். மனசு வரல. அதனால் முழுசா எழுதியிருக்கிறேன். நீங்களும் பாதியில் நிறுத்தாமல் படிங்க.

2025 தீபாவளி லீவுக்கு ஜமுனாமரத்தூரில் இருக்கிற பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஓசூரில் வேலை செய்யும் அண்ணன் லேப்டாப்போடு வந்திருந்தார். அங்கே கடைத்தெரு பக்கம் என்பதால் டவர் நல்லா கிடைக்கும். அண்ணன் ராத்திரி சாப்பிட்டதும் ஒரு விளையாட்டு விளையாடுவார். அதன் பேர் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. 2004-ஆம் வருஷம் வந்தது. நான் பிறப்பதற்கு முன்னாடியே வந்த விளையாட்டு! இதில் நாம் ஒரு வேஷம் எடுத்துக்கணும். போர்வீரன், வைத்தியர், மந்திரவாதி என்று நிறைய உண்டு. வேற வேற ஊரில், வேற வேற நாட்டில் இருக்கிறவங்க ஒரே நேரத்தில் இன்டர்நெட் வழியா ஒண்ணா சேர்ந்து பூதங்களோடு சண்டை போடுவாங்க. நம்ம ஊர் தெருக்கூத்தில் வேஷம் கட்டுற மாதிரிதான், ஆனால் எல்லாரும் அவங்கவங்க வீட்டில் உட்கார்ந்தே கட்டுறாங்க.

அண்ணனோட வேஷம் தீ மந்திரவாதி. அவருக்குப் பத்துப் பதினைந்து மந்திரங்கள். ஒவ்வொண்ணுக்கும் கீபோர்டில் ஒரு பட்டன். சில மந்திரத்தை ஒரு தடவை விட்டால் மறுபடி விடக் கொஞ்ச நேரம் காத்திருக்கணும். அதற்கு ‘கூல்டவுன்’ என்று பேர். எதுக்கு அப்புறம் எதை விடணும் என்பதுதான் கஷ்டம். தப்பான வரிசையில் விட்டால் பூதத்துக்கு வலிக்கவே வலிக்காது.

“நீ விளையாடுறியா பாப்பா?” என்று அண்ணன் கேட்டார். “எனக்கு ஒண்ணும் தெரியாதே அண்ணா” என்றேன். “தெரிய வேண்டாம், அதான் இது இருக்கே” என்று சொல்லி ஒன்றை ஆன் பண்ணினார். திரையின் நடுவில் சின்னச் சின்ன மந்திரப் படங்கள் வரிசையா வந்து நின்றன. முதல் படம் பெரிசா இருக்கும், அதுதான் இப்போ அழுத்த வேண்டியது. பக்கத்தில் இருக்கிற சின்னப் படங்கள் அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. இது விளையாட்டைச் செய்த கம்பெனி கொடுத்தது இல்லையாம். வெளியில் இருக்கிற ஒருத்தர் எழுதி எல்லாருக்கும் கொடுத்த ‘ஆட்-ஆன்’. பேர் ‘ஹெக்கிலி’. அனுபவம் உள்ள ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டு, ‘இது தயாரா இருந்தால் இது, இல்லாவிட்டால் அது’ என்று ஒரு பட்டியல் வைத்திருப்பாங்க. சண்டை நடக்கும்போதே அந்தப் பட்டியலை மேலிருந்து பார்த்துப் பார்த்து இது சொல்லிக்கொண்டே இருந்தது.

நானும் உட்கார்ந்தேன். படம் காட்டியதை அழுத்தினேன். டப் டப் என்று பூதங்கள் விழுந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். பெரியம்மா கூட “பரவாயில்லையே, பொண்ணு வந்த உடனே கத்துக்கிச்சே” என்றாங்க. நானும் கத்துக்கிட்டதாகத்தான் நினைச்சேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய பூதம் வந்தது. நான் கண்ணை எடுக்காமல் அந்தப் படங்களையே பார்த்து ஒண்ணு கூடத் தப்பாமல் அழுத்தினேன். திடீரென்று என் மந்திரவாதி செத்து விழுந்துட்டான். எனக்கு ஒண்ணும் புரியல. அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சார். “கீழ பாரு, உன் காலடியில எவ்வளவு நேரமா தீ எரியுது! தீ மந்திரவாதி தீயிலயே செத்துட்டான்” என்றார். “அது சொல்லவே இல்லையே” என்றேன். “எந்த மந்திரம்னுதான் அது சொல்லும். எங்க நிக்கணும்னு சொல்லாது. அதை நீதான் பார்க்கணும்” என்றார்.

அப்புறம் ஹெக்கிலியை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆடச் சொன்னார். முதல் சின்னப் பூதத்திடமே தோத்துட்டேன். அரை மணி நேரமா அழுத்தியதில் ஒரு மந்திரத்தின் பேர் கூட என் மனசில் நிக்கல. அண்ணன் சும்மா விளையாட்டாத்தான் சொன்னார், “விளையாடினது அது, நீ அதுக்கு விரல் மட்டும் கொடுத்த” என்று. ஆனால் எனக்குச் சுருக்கென்று குத்திடுச்சு. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஏன் என்று இப்போ சொல்கிறேன்.

நம்ம பள்ளியில் செஸ் எப்படி வந்தது என்று பெரிய வகுப்பு அண்ணன் அக்காக்களுக்குத் தெரியும். 2022-இல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டின குதிரை ‘தம்பி’யை எல்லாரும் படம் வரைஞ்சோம். அப்போ நான் ஆறாம் வகுப்பு. அப்போதிருந்து நானும் என் பெஞ்சுத் தோழியும் செஸ் ஆடுகிறோம். எப்பவும் அவள்தான் ஜெயிப்பாள்.

போன ஜூலையில் குறுவட்டப் போட்டிக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பணும் என்று விளையாட்டு சார் பத்து செஸ் புதிர் எழுதிய தாளை எல்லாருக்கும் கொடுத்தார். ‘வெள்ளை இரண்டு நகர்வில் செக்மேட்’ என்பது போல. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு வரணும். யார் அதிகம் போடுகிறார்களோ அவர்கள் போகலாம்.

நான் பத்தும் சரியாப் போட்டேன். தோழி ஏழு. காலைப் பிரார்த்தனையில் எனக்குக் கை தட்டினீங்க, ஞாபகம் இருக்கா?

அந்தப் பத்தையும் நான் போடல. எங்க அண்ணியோட செல்போனில் செஸ் ஆப் இருந்தது. தாளில் இருக்கிற மாதிரியே காய்களை அடுக்கி, ‘குறிப்பு’ என்பதைத் தொட்டால், எந்தக் காயை எங்கே வைக்கணும் என்று அம்புக்குறி காட்டும். அதற்கு டவர் கூட வேண்டாம். பார்த்துப் பார்த்து எழுதினேன். பஸ்ஸில் கீழே டவுனுக்குப் போகணும், ஒரு தடவையாவது அவளை ஜெயிக்கணும் என்ற ஆசை. வேற காரணம் எதுவும் இல்லை.

போட்டியில் நாலு ரவுண்டு. மூணு தோல்வி, ஒண்ணு டிரா. அங்கே செல்போனை ஹாலுக்குள்ளேயே விட மாட்டாங்க. ஆட்டம் ஆரம்பிச்சதும் என் கண் பலகை மேல அம்புக்குறியைத் தேடுது! கடைசி ரவுண்டில் என் எதிரில் என்னை விடச் சின்னப் பையன். ஜெயிச்சதுக்கு அப்புறம் அவனே காய்களைத் திருப்பி வைத்து, “அக்கா, இங்க என் ராணி சும்மாதானே நின்னுச்சு, ஏன் வெட்டல?” என்று கேட்டான். நான் பார்க்கவே இல்லை. புதிர்த் தாளில் ‘இங்கே ஒண்ணு இருக்கு, தேடு’ என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். உண்மையான ஆட்டத்தில் யாரும் சொல்வதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்வாங்க. என்னுடையது ஏட்டுச் சுரைக்காய் கூட இல்லை, அதையும் பார்த்து வரைஞ்சது.

திரும்பி வந்து “எல்லாரும் பெரிய கோச்சிங் போறவங்க சார்” என்று சொல்லித் தப்பிச்சுட்டேன். தீபாவளி வரைக்கும் மறந்தும் போனேன். அந்த மந்திரவாதி தீயில் செத்த அன்னிக்குத்தான் எல்லாம் ஞாபகம் வந்தது.

மறுநாள் அண்ணனிடம் கேட்டேன், “அப்போ அந்த ஆட்-ஆன் கெட்டதா அண்ணா?” அவர் இல்லை என்றார். புதுசா வந்தபோது அவருக்கும் அதுதான் வழி காட்டியதாம். ஆனால் அவர் ஒவ்வொரு படத்துக்கும் ‘ஏன்’ என்று பார்த்தாராம். ஒரு உதாரணம் சொன்னார். ‘பைரோபிளாஸ்ட்’ என்று ஒரு பெரிய மந்திரம். விடுவதற்கு ரொம்ப நேரம் பிடிக்கும். ஆனால் தீ மந்திரம் ரெண்டு அடுத்தடுத்து பலமா விழுந்தால், அடுத்த பைரோபிளாஸ்ட்டை உடனே விடலாம். அதனால்தான் அந்த நேரம் பார்த்து ஹெக்கிலி அதைக் காட்டியது. இந்த ஏன் தெரிந்தவனுக்கு, ஆட்-ஆன் இல்லாவிட்டாலும் கை போகும்.

2025 ஜூனில் கம்பெனியே விளையாட்டுக்குள் இது போல ஒன்றைச் சேர்த்ததாம். அதில் ஒரே பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாலும் சரியான மந்திரம் வரும். ஆனால் அப்படி ஆடுகிறவர்களுக்கு ஒவ்வொரு மந்திரமும் கொஞ்சம் தாமதமாத்தான் வரும்படி வைத்திருக்கிறார்கள். ‘மிட்நைட்’ என்ற பதிப்பு முதல் வெளி ஆட்-ஆன்கள் சண்டையைக் கணக்குப் பார்த்துச் சொல்ல முடியாது என்றும் அந்த வருஷமே அறிவித்தார்கள்.

செஸ்ஸிலும் இதே கதைதான். 1997-இல் ‘டீப் புளூ’ என்ற கம்ப்யூட்டர் உலக சாம்பியன் காஸ்பரோவையே ஜெயித்தது. இன்றைக்குச் செல்போனில் இருக்கிற ஆப் மனுசங்க எல்லாரையும் விட நல்லா ஆடும். பெரிய வீரர்கள் எல்லாரும் அதை வைத்துத்தான் தயாராகிறார்கள். ஆனால் நம்ம சென்னையைச் சேர்ந்த குகேஷ், 2019-இல் 12 வயசில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், சின்ன வயசில் கம்ப்யூட்டர் எஞ்சினைத் தொடவே இல்லை. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, கிட்டத்தட்ட 2500 புள்ளி வரும் வரை அது வேண்டாம், நீயே யோசி என்று வைத்திருந்தார். அதற்கு அப்புறம்தான் கம்ப்யூட்டர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயித்து 18 வயசில் உலக சாம்பியன் ஆனார்.

எங்க தாத்தாவும் இப்படித்தான். பாறையில் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடுவோம். மூணு புலி, பதினைஞ்சு ஆடு. எங்கே வைக்கட்டும் தாத்தா என்று கேட்டால் சொல்லவே மாட்டார். “அந்தப் புலி எதுக்கு அங்க வந்து நிக்குது, அதைச் சொல்லு மொதல்ல” என்பார். எனக்குக் கோபம் கோபமா வரும். இப்போ புரியுது.

லீவு முடிஞ்சு வந்ததும் குழாயடியில் வைத்துத் தோழியிடம் எல்லாம் சொல்லிட்டேன். அவள் பாட்டிலை மூடிட்டுப் போயிட்டாள். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய புதிர்த் தாளைக் கொண்டுவந்து என் முன்னாடி வைத்து, “எட்டாவது புதிர் ஏன் அப்படின்னு சொல்லு பார்க்கலாம்” என்றாள். எனக்கு விடை தெரியும், ஏன் என்று தெரியாது. அவளுக்கு அன்னிக்குப் போட வராத மூணில் அதுவும் ஒண்ணு. ஆனால் போட்டியெல்லாம் முடிஞ்ச பிறகும் விடாமல், அட்டையில் வெட்டின காய்களை வைத்து அவளே கண்டுபிடிச்சிருக்காள்.

அவள் காட்டினாள். ராணியை வேணும்னே எதிரி ராஜா பக்கத்தில் கொண்டுபோய் வைக்கணும். நம்ம குதிரை காவல் இருப்பதால் ராஜா வெட்ட முடியாது. யானைதான் வெட்டியாகணும். வெட்டினதும் அந்த யானையே ராஜாவோட வழியை அடைச்சிடும். மற்ற பக்கமெல்லாம் அவனோட சிப்பாய்கள். அப்போ குதிரை குதிச்சு செக். ராஜாவுக்கு நகர இடமே இல்லை. செக்மேட்! நான் ஜூலையில் அதே விடையை எழுதியிருக்கிறேன். ராணியை ஏன் சும்மா கொடுக்கிறோம் என்று ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. அவள் காட்டியபோதுதான் அது எவ்வளவு அழகு என்று தெரிஞ்சது.

அன்றைக்கே ரெண்டு பேரும் விளையாட்டு சாரிடம் போனோம். சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தேன். சார் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. “அவளோட இடம்மா அது” என்று மட்டும் சொன்னார். அடிச்சிருந்தால் கூட அவ்வளவு வலிச்சிருக்காது. அந்த வருஷப் போட்டி முடிஞ்சு போச்சு, அதை என்னால் திருப்பித் தர முடியாது.

இனிமேல் தேர்வு வராந்தாவில் எல்லார் முன்னாடியும் பலகை வைத்துத்தான் நடக்கும் என்று சார் சொல்லிட்டார். நானும் ஆடப்போகிறேன். தோத்தாலும் என் தோல்வியா இருக்கட்டும். ஆப்பை அழிக்கல. ஆனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதலில் நோட்டில் என் நகர்வையும், ஏன் என்பதையும் எழுதுவேன். அப்புறம்தான் குறிப்பைத் தொடுவேன். பாதிக்கு மேல தப்பாத்தான் வருது. பரவாயில்லை.

தோழர்களே, கணக்கு நோட்ஸாக இருந்தாலும் சரி, செல்போனாக இருந்தாலும் சரி, அடுத்து எதை அழுத்தணும் என்று சொல்ல இன்றைக்கு எவ்வளவோ இருக்கு. கேளுங்க. கேட்டுட்டு ஏன் என்றும் ஒரு தடவை கேளுங்க. அன்றைக்கு எனக்குக் கை தட்டின எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க. அந்தக் கைத்தட்டல் பக்கத்து பெஞ்சில் இருந்தவளுக்குச் சேர வேண்டியது.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி