அம்பாசடர் டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லை என்றால்...

கொல்கத்தா பக்கத்தில் உத்தர்பாரா என்று ஓர் ஊர். அங்கே 1958 முதல் 2014 வரை தயாரான கார்தான் அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரின் வாரிசு. உற்பத்தி நின்று வருடங்கள் ஓடிவிட்டாலும், அப்பா வாங்கியது, தாத்தா ஓட்டியது என்று ஆசையாய்ப் பராமரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு. டாஷ்போர்டு விளக்கு எரியாது. அல்லது மினுக் மினுக்கென்று எரியும். அல்லது எரியக் கூடாத நேரத்தில் எரிந்து வயிற்றில் புளியைக் கரைக்கும்.

"வண்டி ஓடுதுல்ல, விடுங்க சார்" என்பதுதான் பொதுவான வைத்தியம். ஸ்பீடோமீட்டருக்குள் இருக்கும் வெளிச்ச பல்பு போனால் அப்படி விடலாம், பெரிய நஷ்டமில்லை. ஆயில் பிரஷருக்கும் சார்ஜுக்கும் இருக்கும் எச்சரிக்கை விளக்குகளின் கதை வேறு. அவை எரியாமல் இருந்தால் "எல்லாம் நலம்" என்று அர்த்தம். பல்பே போயிருந்தாலும் அதே இருட்டுதான்! இரண்டு இருட்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆயில் இல்லாமல் ஓடி பேரிங் போன பிறகுதான் தெரியும். ஒரு சின்ன பல்பின் விலை எங்கே, எஞ்சின் வேலையின் செலவு எங்கே?

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்ய வேண்டும். இரண்டு விளக்குகளும் எரிந்தாக வேண்டும். எரியாத விளக்கை நம்பி வண்டியை எடுக்கக் கூடாது. தினமும் இரண்டு விநாடி, அவ்வளவுதான்.

சரி, வயரிங் விஷயத்துக்கு வரலாம்.

பிரிட்டிஷ் கார் பிரியர்கள் லூகாஸ் கம்பெனிக்கு "இருட்டின் இளவரசன்" என்று கிண்டலாகப் பட்டம் வைத்திருக்கிறார்கள். பாவம், அந்தப் பழியில் பாதி எர்த்துக்குப் போக வேண்டியது :-) பேட்டரியிலிருந்து பல்புக்கு வயர் வரும். திரும்பிப் போக? பல இடங்களில் தனி வயர் கிடையாது. பல்பு ஹோல்டர் மீட்டரின் தகர உடம்பைத் தொடும், மீட்டர் டாஷ்போர்டைத் தொடும், டாஷ்போர்டு பாடியைத் தொடும். இந்தத் தொடுதல்களில் எங்காவது துரு, தூசி, பெயிண்ட் புகுந்தால் கதை முடிந்தது. வண்டியைப் பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்த மறுநாளே விளக்குகள் போவதன் ரகசியம் இதுதான்.

எர்த் கோளாறுக்கு ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு. சைடு லைட்டைப் போட்டால் மீட்டர் விளக்குகள் மங்கலாகி, சம்பந்தமே இல்லாத ஹை பீம் அடையாள விளக்கும் லேசாக எரியும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். பேயுமில்லை, பிசாசுமில்லை. நேர்வழி அடைபட்டதால் மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகப் புகுந்து, ஹெட்லைட்டின் இழை வழியாக எர்த்தைத் தேடிப் போகிறது. இதைச் சோதிக்க ஒரு துண்டு வயர் போதும். ஒரு முனையை மீட்டரின் உலோக உடம்பிலும், மறுமுனையைப் பாடியோடு இணைந்த பேட்டரி முனையிலும் தொட்டுப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி எர்த். உப்புத்தாளால் தேய்த்து, ஒரு தனி எர்த் வயர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இந்தச் சோதனைக்கு முன் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போகும்!

புதிதாக மல்டிமீட்டர் வாங்கியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் ஜம்மென்று 12 வோல்ட் காட்டும். பல்பை மாட்டினால் எரியாது. மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுப்பதில்லை, அதனால் பச்சை பிடித்த இணைப்பு கூட அதற்கு நல்ல இணைப்பாகவே தெரியும். பழைய எலக்ட்ரீஷியன்கள் டெஸ்ட் லாம்பை விடாததற்குக் காரணம் இதுதான். டெஸ்ட் லாம்ப் உண்மையிலேயே கரண்ட் எடுக்கும், அதனால் பலவீனமான இணைப்பு அகப்பட்டுவிடும். மீட்டர்தான் வேண்டும் என்றால், விளக்குகளைப் போட்டு வைத்துக்கொண்டே மீட்டர் உடம்புக்கும் பேட்டரி எர்த்துக்கும் நடுவே அளக்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் அது வழியில் திருடு போகும் வோல்டேஜ். இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும்.

வயரைப் பின்தொடர லூகாஸ் நிற முறை கைகொடுக்கும். கறுப்பு எர்த். பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை அதே கரண்ட், ஆனால் ஃபியூஸ் தாண்டியது. சிவப்பு சைடு லைட், சிவப்பில் வெள்ளைக் கோடு மீட்டர் விளக்கு. இத்தனை வருடத்தில் எத்தனை கைகள் கையில் கிடைத்த வயரை ஒட்டுப் போட்டிருக்குமோ! நிறத்தை நம்புங்கள், ஆனால் டெஸ்ட் லாம்ப் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சார்ஜ் விளக்கு ஒரு தராசு மாதிரி. ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் டைனமோ. இரண்டும் சமமானால் அணையும். ஓடும்போது லேசாக மினுங்கினால் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் இருக்கிறது. சார்ஜ் குறைவாக இருக்கலாம், சாவி சுவிட்சில் லூஸ் கான்டாக்ட் இருக்கலாம். டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டவர்களுக்கு இன்னொரு விஷயம். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்கள் விழித்தெழத் தேவையான முதல் கரண்ட் இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் சார்ஜே ஆகாமல் போகலாம். அழகுக்காக அந்த இடத்தில் எல்இடி போட்டாலும் அதே கதி.

ஆயில் விளக்கு எஞ்சின் ஓடும்போதும் அணையவில்லையா? முதலில் எஞ்சினை நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு சாவியை மட்டும் ஆன் செய்து, எஞ்சினில் இருக்கும் சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றுங்கள். அப்போதும் எரிந்தால் வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. அணைந்தால் வயர் நல்லது. சுவிட்ச் போயிருக்கும் அல்லது பிரஷர் நிஜமாகவே குறைவு. தனி பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்க்காமல் வண்டியை ஓட்டவே கூடாது. சாவி ஆன் செய்தும் எரியாத விளக்குக்கு, கழற்றிய வயரை எஞ்சினில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் சுவிட்ச் கோளாறு. எரியாவிட்டால் பல்பு அல்லது வயர்.

கடைசியாக ஒன்று. டாஷ்போர்டுக்குப் பின்னால் கைவிடும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், சோதிக்கும்போது மட்டும் மாட்டினால் போதும். அந்தக் காலத்து கார்களில் ஃபியூஸ்கள் மிகக் குறைவு, சில வயர்களுக்கு ஃபியூஸே இருக்காது. அங்கே ஒரு ஸ்பேனர் தவறாகப் பட்டால் வயர் கட்டு முழுவதும் உருகிவிடும். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதே என்று கனமான கம்பியைச் சுற்றி வைப்பதும் அப்படித்தான். விளக்கும் ஃபியூஸும் வண்டி பேசும் மொழி. அதன் வாயைக் கட்டிவிட்டால் வண்டி பேசாது, வியாதி மட்டும் உள்ளே வளரும்.