ஆல்பனியில் காத்து நிற்பவர்கள்

படுத்த படுக்கையான முதியவரைப் புரட்டிக் கிடத்தி, முதுகில் புண் விழாதபடி துடைத்து, கஞ்சியைப் பொறுமையோடு ஊட்டுகிற பெண்மணி, ஒரு நாள் கூலியை இழந்து நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனிக்குப் பஸ் ஏறிச் சென்று, வரவுசெலவுத் திட்டம் நிறைவேறுமுன் சட்டசபை அங்கத்தினர்களின் அறைவாசலில் விண்ணப்பத்தோடு காத்து நிற்பதை நினைக்கையில், அவர்பால் எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது. இத்தகைய வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுடைய ஊதியம் பெரும்பாலும் மெடிக்கெய்ட் என்னும் அரசாங்க மருத்துவ உதவியிலிருந்தே வருவதால், அதை உயர்த்துவதில் சட்டசபைக்கும் அதிகாரம் இருக்கிறது. 2022இல் குறைந்தபட்சக் கூலியைப்போல் ஒன்றரை மடங்கு கேட்டார்கள். அவ்வருஷம் ஒப்புக்கொள்ளப்பட்டதோ மணிக்கு 3 டாலர் உயர்வு, அதுவும் இரண்டு தவணைகளில். 1938ஆம் வருஷத்து அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் வீட்டு வேலை செய்வோரை ஒதுக்கிவைத்த அநியாயம் இன்னும் முற்றிலும் தீரவில்லை என்பதே என் அபிப்பிராயம். அம்மாநிலத்தில் வாழும் நண்பர்களே, உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு இவர்கள்பொருட்டு ஒரு கடிதமாவது எழுதுங்கள்.