கடைசியாகத் தொட்ட கை

வீட்டிலேயே டியூனிங் பார்த்த பழைய கார் மறுநாள் சிக்னலில் படுத்துக்கொண்டால், அதன் சொந்தக்காரர் குறை சொல்லாத பொருளே இருக்காது. பெட்ரோலில் எத்தனால், மண்டை பிளக்கும் வெயில், வண்டியின் வயது. நேற்று தன் கை போன இடத்தை மட்டும் சொல்லமாட்டார். என் மனைவியின் தம்பி இதில் கைதேர்ந்தவர். தன் அம்பாசடருக்குப் புது பிளக், புது பாயிண்ட், புது கண்டன்சர் எல்லாம் அவரே மாட்டினார். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. ஓடிச் சூடேறியதும் நின்றது. ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது.

"கண்டன்சரைப் பாருங்க" என்றேன்.

"அது புதுசு அத்தான்!"

புதுசு என்பதால்தான் சந்தேகமே. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அங்கே பொறி பறந்து வீணாகாமல் தாங்கிக்கொள்வது அந்தச் சின்னத் தகர உருளையின் வேலை. அது ஒழுங்காக இருந்தால்தான் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, 12 வோல்ட் பல ஆயிரமாகிப் பிளக்குக்குப் போகும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், நாலு சிலிண்டருக்கும் சேர்த்து பாயிண்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. 1910 மாடல் கேடிலாக்குக்காக சார்லஸ் கெட்டரிங் யோசித்ததன் வாரிசுதான் உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசடரிலும் இருந்தது. பழைய கண்டன்சர்கள் உழைத்தன. இப்போது கடையில் கிடைப்பவற்றில் பல, சூடு கண்டால் கைவிரித்துவிடுகின்றன.

புது பாயிண்ட்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கேமில் உரசும் அதன் குதிகாலுக்கு ஒரு பொட்டு கிரீஸ் வைக்காவிட்டால் சீக்கிரம் தேயும். தேயத் தேய, அளந்து வைத்த இடைவெளி சுருங்கும், டைமிங் பின்வாங்கும், ஐட்லிங் இறங்கும்.

கும்பகோணத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பட்டறை இருந்தது. சிறுவயதில் அங்கே நான் பார்த்த ஒரு விசாரணை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு வக்கீலின் ஃபியட் நின்று நின்று வந்து சேர்ந்தது. மெக்கானிக் பாய் பானட்டைத் திறக்கவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "கடைசியா எதைத் தொட்டீங்க?" என்றார். வக்கீல் மைலேஜைச் சொன்னார், போன வருஷ சர்வீஸைச் சொன்னார், ஊர் ரோட்டைத் திட்டினார். "அதெல்லாம் சரி. கடைசியா எதைத் தொட்டீங்க?" பீடி முடிகிற வரைக்கும் அதே கேள்வி. கோர்ட்டில் எத்தனை சாட்சிகளைத் திணறடித்தவரோ, கடைசியில், "கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணினேன்" என்று முனகினார்.

பாய் ஏர் ஃபில்டரைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டார். அது திக்கித் திக்கி அணையப் போகும்போது கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் பாதி மூடினார். மூச்சடைத்துச் சாகவேண்டிய எஞ்சின் நிமிர்ந்து ஓடியது! "எங்கயோ காத்து எடுக்குது" என்றார். கை மறைத்ததும் மேலிருந்து வரும் காற்று குறைந்து, கலவையில் பெட்ரோல் கூடிவிட்டது. அடியில் ஒரு பக்க நட்டு முடுக்கப்படாமல், கேஸ்கெட் வழியாகத் திருட்டுக் காற்று போய்க்கொண்டிருந்தது. ஸ்பேனரை இரண்டு திருப்புத் திருப்பினார். வக்கீல் பேசாமல் காசைக் கொடுத்தார்.

இதை மைத்துனரிடம் ரசித்துச் சொன்னேன். முகம் மாறாமல் கேட்டுவிட்டு, டப்பாவில் கிடந்த பழைய கண்டன்சரைத் திரும்ப மாட்டினார். வண்டி நிற்காமல் ஓடுகிறது. ஆனால் அவர் கண்டுபிடித்தது வேறு: இந்த பாயிண்ட், கண்டன்சர் சங்கதியே வேண்டாமாம். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். அவரே மாட்டப்போகிறாராம்.