எல்லைக் கிராமத்தில் ஒரு பழைய புத்தகம்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் இருப்புப் பாதை 1979-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. முன்பு நேமம் எனப்பட்ட திருவனந்தபுரம் தெற்கு, பலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என்னும் நிலைய வரிசை, இரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு மனப்பாடம். பலராமபுரமாவது, பலராம வர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தென்தமிழ்நாட்டுச் சாலிய நெசவாளர்கள் குடியேற்றப்பட்ட ஊர். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம் போன்றோர், அவ்வூரைக் கடக்கையில் ஒரு கும்பிடு போடுவது முறை.

பாறசாலையே கேரளத்தின் கடைசி நிலையம். அடுத்த நிலையமான குழித்துறை மேற்கு, தமிழ்நாடு. ஆனால் வண்டியில் அமர்ந்து பார்ப்பவருக்கு எல்லை எங்கே என்று புலப்படாது. இப்புறமும் அப்புறமும் அதே தென்னை, அதே ரப்பர், அதே மரச்சீனி. 1956 நவம்பர் முதல் தேதியன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. நம் பெரியம்மையின் வீடு அவ்வாறு நின்றுபோன பக்கத்திலுள்ளது. அவர் ஊர் மாறவில்லை. ஊரைச் சுற்றியிருந்த மொழிதான் மெல்ல மாறிற்று.

சென்ற கோடையில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டிலுள்ள பழைய தமிழ் வேதபுத்தகத்தை வாசிக்க ஆளில்லை. பேரப் பிள்ளைகள் மலையாளமே படிக்கிறார்கள். கண்ணும் தமக்கு மங்கிவிட்டது. வந்து எடுத்துப் போகவேண்டும் என்று எழுதியிருந்தார். மனைவியையும் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

போகும் வழியில் திருவிதாங்கோட்டு அரப்பள்ளியைக் காணவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அப்போஸ்தலராகிய தோமா கி.பி. 63-இல் நிறுவியதென்று மரபு கூறும் சிறிய கருங்கற் கோயில் அது. மரபை ஆராய நாம் வல்லோமல்லோம். உள்ளே நுழைந்தவுடன் கல்லின் குளிர்ச்சி உச்சந்தலைவரை ஏறுகிறது. அது மட்டும் உறுதி.

அத்தோமா மரபினரின் வேதங்கள் சுரியானி மொழியில் இருந்தன. 1301-ஆம் ஆண்டில் கொடுங்கல்லூரில் சக்கரியா என்பவர் பவுலின் நிருபங்களைப் படியெடுத்தார். இந்தியாவில் எழுதப்பட்டுக் காலம் குறிக்கப்பெற்ற சுரியானிச் சுவடிகளுள் மிகப் பழையது அதுவே. முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1599 ஜூன் 20 முதல் 26 வரை, கோவா அத்தியட்சராகிய மெனேசஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டினார். அச்சபையாரின் நூல்கள் பல பிழையுடையவை என்று தீர்க்கப்பட்டன. அவர்கள் கைக்கொண்ட புதிய ஏற்பாட்டில் பேதுருவின் இரண்டாம் நிருபம், யோவானின் இரண்டாம் மூன்றாம் நிருபங்கள், யூதாவின் நிருபம், வெளிப்படுத்தல் ஆகியவை இல்லாமற் போனதும் குறையாகச் சொல்லப்பட்டது. திருத்தக்கவை திருத்தப்படவேண்டும், ஏனையவை தீயிடப்படவேண்டும், மறைத்து வைப்போர் சபைக்குப் புறம்பாவர். ஊர் ஊராகச் சுவடிகள் வாங்கி எரிக்கப்பட்டன. எரித்தவரும் எரிக்கக் கொடுத்தவரும் ஒரே சிலுவையை வணங்கியவர்கள் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு மனம் ஒப்புவதில்லை. அச்சங்கத்தின் ஆணைகள் உரோமாபுரியின் பெயரால் நடந்தன. 1301-ஆம் ஆண்டுச் சுவடியோ இன்று பத்திரமாக இருப்பது அதே உரோமாபுரியில், வத்திக்கான் நூலகத்தில்!

வேறொரு சுவடியின் கதையும் உண்டு. 1806-இல் அங்கமாலியில் மார் தியொனீசியஸ் என்னும் மேற்றிராணியார், வழிவழியாகக் காத்துவந்த பழைய சுரியானி வேதத்தைப் புகானன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியாரிடம் ஒப்படைத்தார். தம்மிடத்திலும் அவரிடத்திலேயே அது பத்திரமாக இருக்கும் என்பது அம்முதியவரின் எண்ணம். இப்போது அது கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் உள்ளது. கொடுத்தபின் அன்றிரவு அவர் உறங்கினாரா என்று நாம் நினைத்துக்கொள்வதுண்டு.

நட்டாலத்தையும் பார்த்தோம். பாறசாலைக்கு அண்மையிலுள்ள அவ்வூரில்தான் 1712-இல் நீலகண்ட பிள்ளை பிறந்தார். குளச்சற் போரில் 1741-இல் சிறைப்பட்ட டிலனாய் என்னும் டச்சுத் தளபதி அவருக்கு யோபுவின் சரிதையை வாயாற் சொன்னதாக வரலாறு. கேட்டவர் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார், 1749-இல் விலங்கிடப்பட்டார், 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டு மாண்டார். 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

மாலையில் பெரியம்மை வீட்டை அடைந்தோம். மரச்சீனியும் மீன் குழம்பும் உண்டபின், வேட்டித் துணியில் பொதிந்திருந்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். குடும்பக் கதை நாம் சிறு வயதிலேயே கேட்டதுதான். தோள்சீலைக் கலகம் மூண்ட 1859-இல், கோயில்களும் பள்ளிகளும் எரிந்தபோது, பாட்டியின் பாட்டி இந்நூலை நெல்லுப் பத்தாயத்தின் அடியில் புதைத்து வைத்தாராம். முதல் தாளைப் புரட்டினோம். அச்சிட்ட ஆண்டு 1871-க்குப் பிற்பட்டது! குமாஸ்தா புத்தி சும்மா இராது. அதை எடுத்துச் சொன்னோம்.

பெரியம்மை சிறிதும் கலங்கவில்லை. "அது வேற புஸ்தகம்ன்னா, ஒளிச்சு வெச்ச கை வேறயா ஆயிடுமா, மக்களே?" என்றார்.

நாம் வாயை மூடிக்கொண்டோம்.

பின்பு நம் மகளை அருகே அழைத்தார். "பிள்ளை வாசிக்கட்டு, கேக்கேன். வாசிச்சா கொண்டு போங்க" என்று யோபுவின் ஆகமத்தை விரித்து வைத்தார். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் அவள் பெயர் பதிவாகியிருக்கிறது. மழை என்றும் பரீட்சை என்றும் பாதி நாள் அனுப்பாதவர் நாமே. முதல் வரியில் வந்த ஊர்ப் பெயரிலேயே தடுக்கினாள். ழகரம் வந்த இடங்களில் நம் முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது வரியில் அவள் கண்களில் நீர் துளிர்த்தது.

பெரியம்மை அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். ஒரு அச்சுவெல்லத் துண்டையும் கொடுத்தார். ஆனால் புத்தகத்தை மறுபடி துணியில் பொதிந்தார். "இங்கேயும் வாசிக்க ஆளில்லே, அங்கேயும் இல்லேன்னா, இங்கேயே கெடக்கட்டு. அடுத்த லீவுக்கு வாருங்க" என்று சொல்லிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

வெறுங்கையோடு பாறசாலையில் வண்டி ஏறினோம். மகள் இப்போது ஒரு வகுப்பும் தவறுவதில்லை. இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரம் நம்மோடு உரக்க வாசிக்கிறாள். பெரியம்மைக்கு வயது எண்பத்தொன்று. புரட்டாசியில் பத்து நாள் விடுப்புக் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.