வேலிக்காத்தான் கஷாயம்

மீஞ்சூரிலிருந்து காட்டூர் வழியாகப் பழவேற்காட்டை நோக்கிப் போகும் சாலையில், கிழக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பளுதூக்கிகளையும், மேற்கே சம்பாப் பயிர் பொதி கட்டி நிற்கும் வயல்களையும் பார்த்துக்கொண்டு செல்பவருக்கு, நடுவே கரையெங்கும் மண்டிக் கிடக்கும் வேலிக்காத்தான் புதர் கண்ணில் பட்டாலும் கருத்தில் படாது. 1870-களில் விறகுக்காகக் கடப்பைப் பிரதேசத்தில் விதைக்கப்பட்டு, பின்னர் தென்னாடெங்கும் பரவி, சகலரிடமும் வசவு வாங்கிவரும் இச்செடியின் இலையே நெல்லின் பூஞ்சண நோய்க்கு ஔஷதமாகிறது என்று கேள்விப்பட்டு, மார்கழி மாதத்தில் ஒரு களத்துமேட்டுக்குச் சென்றேன்.

அங்கே உரலில் இலை இடித்துக்கொண்டிருந்த பெண்களின் முன்கைகளில் பழைய முள் கீறல்கள் வரிவரியாக இருந்தன. மழைக்காலம் பிறக்குமுன்பே கிளைகளை வெட்டி, நிழலில் உலர்த்தி, சாக்கை விரித்து அதன்மேல் தட்டினால் சிற்றிலைகள் உதிர்ந்துவிடும். முள் கிளையோடு தங்கிவிடும். கிளை அடுப்புக்குப் போய்விடும். ஹெக்டேருக்கு 25 கிலோ இலைப்பொடி என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் அளவு. ஏக்கருக்குப் பத்துக் கிலோ என்று கணக்குப் போடுவது சுலபம்; புளியிலையைப் போன்ற அந்தச் சிற்றிலைகளைக் கொண்டு பத்துக் கிலோப் பொடி சேர்ப்பதற்கு எத்தனை கட்டுக் கிளை வேண்டும் என்பது வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். பொடியை நீரில் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடித்து, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கிறார்கள்.

அவர்களுள் மூத்தவர் வரப்பில் இறங்கி ஒரு பயிரைப் பிடுங்கிவந்து காட்டினார். கடைசி இலையின் உறையில், நடுவே சாம்பலும் விளிம்பில் பழுப்புமாகப் புள்ளிகள். உறையை நகத்தால் கீறிப் பிரித்தபோது உள்ளே வெள்ளை மாவு படிந்தாற்போன்ற பூஞ்சணம். பாதி வெளிவந்து சிக்கிக்கொண்ட கதிரில் மணிகள் பதராகக் கறுத்திருந்தன. இலையுறை அழுகல் என்பது இதுவே.

“கதிரு வெளிய வந்தப்புறம் அடிச்சு இன்னா புண்ணியம் ஐயா? வயித்துல இருக்கும்போதே பாத்துக்கணும்” என்றார்.

பொதிப் பருவத்தில் ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து மறுமுறை என்று பல்கலைக்கழகம் சொல்லும் விதியும் ஏறக்குறைய அதுதான். கடையில் விற்கும் ரசாயன மருந்தைப் போல, நோய் தோன்றியபின் ஓடிவந்து காப்பாற்றும் சக்தி இந்தக் கஷாயத்துக்கு இருக்கிறதென்று நான் நம்பவில்லை. பனியும் மூடுபனியும் தொடர்ந்து தழைச்சத்தும் மிஞ்சிவிட்ட வயலில் மற்றொரு பூஞ்சண நோயான குலைநோய் பரவத் தொடங்கினால், இலைச்சாற்றை மட்டும் நம்பியிருப்பது விவேகமல்ல. ஆகையால் நோய்த் தடுப்பு வேலை விதையிலேயே ஆரம்பமாகிறது. முட்டை மிதக்கும் வரை உப்புக் கரைத்த நீரில் நெல்லைக் கொட்டிப் பதரை நீக்கி, நல்ல தண்ணீரில் அலசியபின், கிலோவுக்குப் பத்துக் கிராம் சூடோமோனாஸ் கலந்த நீரில் இரவு முழுதும் ஊறவிடுகிறார்கள். அந்த நுண்ணுயிர் வேரைச் சுற்றிக் குடியேறி, இரும்புச் சத்தைத் தான் பற்றிக்கொண்டு பூஞ்சணத்தைப் பட்டினி போடுவதோடு, பயிரின் சுய எதிர்ப்புச் சக்தியையும் தூண்டிவிடுகிறது. ரசாயனப் பூஞ்சணக்கொல்லியில் புரட்டிய விதையோடு இதைச் சேர்த்தால் இதன் பலன் குறையக்கூடும். குப்பத்து மீன் கழிவில் வெல்லம் சேர்த்துப் புளிக்கவைக்கும் மீன் அமிலத்தையும் சிலர் நோய்க்கு மருந்து என்கிறார்கள். அது பயிருக்கு ஊட்டமேயன்றி மருந்தல்ல என்பது என் அபிப்பிராயம்.

இலைக்கு விலையில்லை, கூலிக்குத்தான் விலை. வெட்டவும் உதிர்க்கவும் இடிக்கவும் வடிக்கவும் ஆள் வேண்டும். இளம் பெண்களோ துறைமுகத்துப் பக்கம் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே மாதச் சம்பளம் கைக்கு வருகிறது, முள்ளும் குத்துவதில்லை. வயற்காரர் கஷாயக் கூலி, கடை மருந்து என்ற இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினார்: இவ்வருஷம் கடை மருந்தே மலிவு. ஆனாலும், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய அரை ஏக்கருக்குக் கஷாயம்தான் என்று அடித்துச் சொன்னார்.